ஏழாவது நிரல்

பதிவேட்டில் ஏழாவது நிரலுக்குத் தலைப்பு இல்லை.
நானே கோடு போட்டது, சிவப்புப் பேனையால்:
முதல் குரல் கேட்ட நாளுக்கும்
முதற் குளிசைக்கும் இடையில்
எத்தனை நாள்.

வேலணை வினுஷாவுக்கு அறுநூற்றுப் பதினொன்று.
அவ்வளவு நாளும் அவள் அறைக்குள் இருந்தது
பக்கத்து வீட்டுக்குத் தெரியும்,
பால்காரருக்குத் தெரியும்.
எங்களுக்குத்தான் தெரியாது.
அந்த இலக்கத்தை எழுதிய அன்று
ஸ்கூட்டியைப் பண்ணைப் பாலத்தில் நிறுத்தி
கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன்.

பிறகு தொடங்கியதுதான் இந்தக் கொப்பி.
ஆஸ்பத்திரிக் கொப்பி அல்ல. ஒற்றை றூள்,
அட்டையில் ஒரு கிரிக்கெட்காரன்.
நெல்லியடியில் இணைந்த கணிதம் படிப்பிக்கும் மகிழ்ராஜ் சேர்,
பார்மசி பேனடேற்,
எழுநூற்றைம்பது பஸ் கொண்டக்டர்
(பேர் வேண்டாம், 'மீசை' எண்டு போடுங்கோ),
வைரவர் கோயிலில் உருவாடுகிற சின்னத்தங்கச்சி.
அவவுக்கு என்னைப் பிடிக்காது.
"உங்கட ஊசிக்குப் பேய் போகாது" என்றா.
"உங்களுக்குப் போகாததை மட்டும் அனுப்புங்கோ" என்றேன்.
சிரிக்கவில்லை. நம்பரை வாங்கினா.

ஐப்பசி மழைக்குள் அவதான் போன் அடித்தா:
"பிள்ளை, இது என்ர இல்லை. உங்கட."

சாருஜன். பத்தொன்பது வயது.
போனை வெள்ளித்தாளில் சுற்றி
அரிசி வாளிக்குள் புதைத்திருந்தான்.
ரவர் அவன் பேரைச் சொல்லுதாம்,
முதலில் மெதுவாய்,
பிறகு தகப்பன் பேரோடு.
தாய்மாமன் அடித்து,
"கட்டிக்கொண்டு வரட்டோ?" என்றார்.

சேர் முன்னமே சொல்லியிருந்தார்:
கணக்கைச் சரியாய்த்தான் செய்கிறான் ஒருவன்,
விடையை எழுதியதும் கையால் மூடுகிறான்.
மீசை சொல்லியிருந்தார்: பருத்தித்துறை மட்டும் போய்
இறங்காமலே திரும்புகிறது ஒரு பெடி.
பேனடேற்றிடம் ஒரு தாய் வந்து
மகனுக்கு நித்திரைக் குளிசை கேட்டிருந்தா.
எல்லாம் கொப்பியில் வேறுவேறு பக்கங்களில் கிடந்தன,
ஒரே பெடியன் என்று தெரியாமல்.

பிளாஸ்டிக் கதிரையில் அவனுக்கு முன்னால் இருந்தேன்.
தாய் வைத்த தேத்தண்ணியை அவன் தொடவில்லை.
"எல்லாரும் என்னைப் பற்றிக் கதைக்கினம்.
சேர், பஸ்காரன், மருந்துக் கடை.
எல்லாரும் ஒண்டு."

படித்ததில் இதற்குப் பதில் உண்டு:
மறுக்காதே, ஒத்துக்கொள்ளாதே,
பயமாய் இருக்கிறதா என்று கேள்.
ஆனால் என் பைக்குள் கொப்பி இருந்தது.
ரவர் பேசவில்லை, சரி.
நாங்கள் பேசினோம்.
எல்லாரையும் ஒன்றாக்கியதே நான்தான்,
ஒவ்வொருவராய், ஆறு மாதம், தேத்தண்ணி குடித்து.

இந்த ஊரில் ஒரு பெடியனின் பேரை எழுதிய கொப்பி
முந்தி எதற்குப் பயன்பட்டது என்று
தாய்க்குத் தெரியும்.
அவ சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டா.

"ஓம்," என்றேன். "கதைச்சனாங்கள்."
அவனுடைய பக்கங்களை மட்டும் கிழித்தெடுத்து
அவன் மடியில் வைத்தேன். பேனையையும்.
"ஆருக்குத் தெரியலாம், ஆருக்குக் கூடாது,
நீரே சொல்லும்."

மழை விட்டது. பிறகு திரும்பவும் பிடித்தது.
வினாத்தாளைப் போல் வாசித்தான்,
பின்பக்கத்தையும் புரட்டி.
மாமனின் பேரைத் தாள் கிழிய வெட்டினான்.
சேரை விட்டான். மீசையை விட்டான்.
சின்னத்தங்கச்சிக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி.
கடைசியில் ஒன்றைச் சேர்த்தான்:
றொபேட், ரியூப் ஒட்டுற கடை.
ஏனென்று நான் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை கிளினிக்குக்கு வந்தான்.
அடுத்ததுக்கு வரவில்லை. அதற்கடுத்ததுக்கு வந்தான்.
சத்தம் இப்ப பக்கத்து ஊர்த் திருவிழா
லவுட்ஸ்பீக்கர் மாதிரியாம்,
காத்து இஞ்சால அடிச்சால் மட்டும் கேக்குமாம்.

ஏழாவது நிரலில் இருபத்தாறு.
கூட்டத்தில் எல்லாரும் நல்ல இலக்கம் என்றார்கள்.
இருபத்தாறு இரவு அரிசி வாளிக்குப் பக்கத்தில்
முழித்திருந்தவனை அவர்கள் காணவில்லை.

றொபேட்டின் நம்பரில் ஒன்பது இலக்கம்தான் இருக்கிறது.
நாளைக்குக் கடை திறந்ததும்,
சில்லுக்குக் காற்று என்ற சாட்டு ஒன்றும் இல்லாமல்,
போய் நின்று
மிச்சத்தைக் கேட்க வேணும்.