கடல்மட்டத்துக்குக் கீழே

ஜீலாந்தில் கடல் மேலே இருக்கிறது.
கரைமேல் ஏறி நின்றால்தான் கண்ணில் படும்.
கீழே பீட்ரூட் வயல், பசுக்கள், கோயில், நாங்கள்.

இலையுதிர் காலந்தோறும்
களிமண் அப்பி, மேலே வைக்கோல் பின்னிக்
கரையை மூடுவது என் வேலை. சம்பளம் உண்டு.
ஆனாலும் கரை காத்தது என்று
இங்கே யாரும் சொல்வதில்லை.
காக்கப்பட்டோம் என்போம்.
கொட்டகைக்குத் தீக்காப்பீடு எடுப்பது
அவிசுவாசம் என்பாள் என் மனைவி நேல்ட்யா.
இரவில் இரண்டு முறை எழுந்துபோய்
அடுப்பு அணைந்ததா என்றும் பார்ப்பாள்.

ஆண்டுக்கு நான்கு முறை திருவிருந்து.
நீள மேசை, வெள்ளைத் துணி.
முந்நூறு பேரில் பதினொரு பேர் எழுந்து போவார்கள்.
மற்றவர்கள் காலணியைப் பார்த்துக்கொண்டிருப்போம்.
தெரிந்துகொள்ளப்பட்டவர்களின் ஏட்டில்
தன் பெயரைத் தானே எழுதிக்கொள்ள
யாருக்குத் துணிச்சல் வரும்?
நாற்பத்தாறு வருடங்களில்
என் காலணிகளை எனக்கு நன்றாகத் தெரியும்.

கரை உடைந்த இரவில் எனக்கு ஒன்பது வயது.
பரணுக்கு முதலில் ஏறியது பூனை.
குட்டியின் பிடரியைக் கவ்வி
ஏறியது, இறங்கியது, மறுபடி ஏறியது.
மூன்று குட்டிகள்.
நான்காவது கூடையோடு மிதந்து போனது.
பூனை தண்ணீரையே பார்த்து நின்றது.

விடியலில் கூரை ஓட்டைப் பிரித்துக்கொண்டு
ஒரு கை உள்ளே வந்தது.
மீனவன் கை; சுண்டுவிரல் இல்லை.
பிடி, பிடி என்று கத்தினான்.
என் விரல்கள் விறைத்துவிட்டன, மடங்கவில்லை.
அவன்தான் மணிக்கட்டைப் பிடித்தான்.
நான்கு நாள் நீலமாய்க் கிடந்தது அந்தத் தடம்.

அண்ணன் யோப்பின் விரல்கள் நன்றாக மடங்கின.
என்னைவிட நீந்தத் தெரிந்தவன்.
என்னைவிட நீளமாக ஜெபித்தவன்.
உத்திரத்தில் கட்டிய கயிற்றை இறுகப் பிடித்திருந்தான்.
உத்திரம் போயிற்று.
வெள்ளம் வடிந்த பிறகு கிடைத்தான்,
கயிற்றை விடாமல்.

தேவ சித்தம் என்றார் போதகர்.
ஆமென் என்றேன்.
அது இன்னும் தொண்டையில் நிற்கிறது,
மீன்முள் மாதிரி.

போன ஞாயிறு,
யார் யார் பந்திக்கு வரக்கூடாது என்று
போதகர் வாசித்தார். நீளமான பட்டியல்.
எந்த வரியிலும் நான் விடுபடவில்லை.
வாசித்து முடித்ததும்
பால்பண்ணை யகோமீனா எழப் பார்த்தாள்.
இடுப்பு முறிந்து தேறி வருகிறவள்.
பெஞ்சின் ஓரத்தில் இருந்தவன் நான்.
தாங்கிப் பிடித்து மேசைவரை நடத்திப்போனேன்.
உட்காரவைத்துவிட்டுத் திரும்பினேன்.
திரும்ப முடியவில்லை.
என் மணிக்கட்டை அவள் விடவே இல்லை.
அதே மணிக்கட்டு.

பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது.
பின்னால் நேல்ட்யா மூச்சை இழுத்தது கேட்டது.
உட்கார்ந்தேன்.
தட்டு வந்தது.

யோப்பைப் பற்றிய கேள்விக்கு
அங்கேயும் விடை வைக்கப்படவில்லை.
அப்பம் வைத்திருந்தது.
வெளியே, ஜன்னலுக்கு மேலே,
கடல்.