ஐந்து தினார் மாலை

ஹூராவில் அந்தச் சந்துக்குள்
இப்போது பல் ஆஸ்பத்திரி.
கண்ணாடிக் கதவில் ஒட்டிய வெள்ளைச் சிரிப்புக்குப் பின்னால்தான்
எங்கள் மேடை இருந்தது என்று
டாக்சிக்காரரிடம் சொன்னேன்.
அவர் மீட்டரைப் பார்த்தார்.

மூன்றாம் மாடி.
லிஃப்டில் நான்கு பேர் என்று எழுதியிருக்கும்.
வியாழக்கிழமை ஒன்பது பேர் ஏறுவோம்.
கதவு திறந்தால்
சிகரெட்டும் அத்தரும் வறுத்த கடலையும்
ஒன்றாக வந்து முகத்தில் அறையும்.
யார் கையில் கிரீஸ், யார் சட்டையில் சிமெண்ட் என்று
அந்தச் சிவப்பு வெளிச்சத்தில் தெரியாது.
அதற்காகவே சிவப்பு.

எனக்கு மாலை கழற்றுகிற வேலை.
பாடுகிறவள் கழுத்தில் விழுந்த பிளாஸ்டிக் மாலையை
இரண்டு நிமிஷம் விட்டு,
விரல் அவள்மேல் படாமல் எடுத்து,
கவுண்டரில் சேர்க்க வேண்டும்.
அடுத்தவர் அதையே வாங்குவார்.
ஐந்து தினார்.
ஒரே மாலை ஒரே ராத்திரியில்
இருபத்து மூன்று முறை காதலாகியிருக்கிறது.
எண்ணியவன் நான்.

கிரீடம் ஐம்பது.
அதைச் சூட்டியவர்கள்
மாசக் கடைசியில் சல்மானியாவிலிருந்து நடந்து வருவார்கள்.

வாசல் போஸ்டரில் அவள் ஸ்வப்னிகா.
பாஸ்போர்ட்டில் பாக்கிய ஜெசிந்தா, ஊர் உவரி.
அந்தப் பெயர் ஷெட்டியின் லாக்கரில் இருந்தது.
மொத்தம் பதினோரு பாட்டு தெரியும்.
பன்னிரண்டாவதைக் கேட்டால்
கீபோர்டு வர்கீஸ் சத்தத்தைக் கூட்டிவிடுவான்.

ஏழாம் டேபிளில் உட்கார்ந்த ஒவ்வொருவரும்
அவள் தன்னைத்தான் பார்க்கிறாள் என்று நம்பினார்கள்.
ஏழாம் டேபிளுக்கு மேலேதான்
எக்ஸிட் விளக்கு.
பச்சையில் ஓடுகிற மனிதன்.

துரைக்கண்ணு, கிரேன் ஓட்டுகிறவர்,
ஒரு பீரை மூன்று மணிநேரம் வைத்திருப்பார்,
அது டீ போலச் சூடாகும்வரை.
ஓர் இரவு ஐந்து தினாரை என் கையில் வைத்து
"மாலை வேணாம் தம்பி.
அந்தப் பிள்ளையைக் கொஞ்ச நேரம் உக்காரச் சொல்லு" என்றார்.

விலைப்பட்டியலில் அப்படி ஒன்று இல்லை.
ஷெட்டி நோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
பிறகு 'மாலை ஒன்று' என்று பில் எழுதினார்.

ஸ்பீக்கர் பெட்டிமேல் உட்கார்ந்து
செருப்பைக் கழற்றினாள்.
குதிகாலில் பிளாஸ்திரி.
வர்கீஸ் வார்த்தையில்லாமல் எதையோ வாசித்தான்.
பின்வரிசையில் ஒருவன் விசிலடித்தான்,
காசைத் திருப்பிக் கேட்டான்.
துரைக்கண்ணு அந்தப் பக்கமே பார்க்கவில்லை,
கடலைத் தோலை ஊதிக்கொண்டிருந்தார்.

மூன்று மணிக்குத் திரை போட்ட வேன் வரும்.
திரைக்குள்ளிருந்து ஒரு கை மட்டும் நீளும்.
நூறு ஃபில்ஸ்.
ஓடிப்போய் கராக் சாயா வாங்கி
அந்தக் கையில் வைப்பேன்.
சிலசமயம் கை
சர்க்கரை போதாது என்று ஆடும்.
அந்த நாட்கள் நல்லவையா என்று கேட்காதீர்கள்.
எனக்கு இருபத்திரண்டு வயது,
ஊரெல்லாம் தூங்கும்போது விழித்திருந்தேன், அவ்வளவுதான்.

பிறகு ஓர் உத்தரவு வந்தது.
செவ்வாய்க்கிழமை விளக்கு அணைந்தது.
கண்ணாடி உருண்டையை முஹரக்கில் ஒரு சலூன் வாங்கியது.
வர்கீஸ் கத்தாருக்கு.
அவள் எந்த விமானத்தில் போனாள் என்று தெரியாது,
எந்தப் பெயரில் போனாள் என்றும்.
மாலைகளை நான்தான்
கறுப்புப் பையில் கட்டிக் குப்பையில் போட்டேன்.
எண்ணவில்லை.

டாக்சியை அனுப்பிவிட்டு மேலே ஏறினேன்.
லிஃப்ட் புதிது, எட்டுப் பேர்.
டோக்கன் கொடுத்தார்கள்.
நாற்காலியில் சாய்த்தார்கள்.
ஜன்னலையும் தூணையும் வைத்துக் கணக்குப் போட்டேன்:
மேடையில் படுத்திருக்கிறேன்.
எதிர்ச் சுவரில்
அதே பச்சை மனிதன்,
அதே கால் தூக்கலோடு.

வாயைத் திறக்கச் சொன்னாள் டாக்டர்.
வலிக்கிற பல் எது என்றாள்.
ஏதோ ஒன்றைக் காட்டினேன்.