பிளஸ் ஒன்றரை

குமுளி ஏலக்காய் ஸ்டோரில்
தங்கச்சன் என் முறத்தைத் திருப்பிக் கொண்டுவந்தார்.
எட்டு எம்எம் பச்சைக் குவியலுக்குள்
சொறி விழுந்த காய் பதினொன்று.
எண்ணி, பெஞ்சில் வரிசையாக வைத்தார்,
கோர்ட்டில் சாட்சிகளை நிறுத்துவதுபோல.
"எந்தா செல்வராணி, உறக்கமில்லே?"
ஆமாம் என்றேன்.
தூக்கம் நல்ல பொய். அதில் யாருக்கும் வயதாவதில்லை.

முதலில் ஊசிதான் சொன்னது.
எச்சில் தொட்டு, உருட்டி, குறிபார்த்து விட்ட நூல்
காதுக்குப் பக்கத்துக் காற்றிலேயே நுழைந்துகொண்டிருந்தது.
பிறகு மாத்திரை அட்டை.
பிறகு போன்:
ஹாஸ்டலிலிருந்து மகள் "காய்ச்சல்" என்று அனுப்பியதை
"காய்ச்சு" என்று படித்து
என்னத்தைடி காய்ச்ச என்று கேட்டேன்.
அன்றைக்கு அவளுக்கு நூற்றிரண்டு டிகிரி.

ராத்திரி பூரா போனைப் பார்த்தா இப்படித்தான்
என்றார் வீட்டுக்காரர், போனைப் பார்த்தபடி.
காரட் தின்னச் சொன்னாள் மெடிக்கல்காரி.
சனி தவறாமல் எண்ணெய் தேய்த்தால்
எண்பதிலும் கண்ணாடி வேண்டாம் என்றான்
ஜீப் டிரைவர்.
அவன் கண்ணாடி போட்டிருந்தான்.

கண்ணு நல்லாத்தான் இருக்கு,
கைதான் நீளம் குறைஞ்சுபோச்சு
என்று கூடலூர்ப் பெண்களிடம் சொன்னேன்.
எல்லோரும் சிரித்தார்கள், பவுன்தாய் தவிர.
அவள் ஒரு வருசமாக விரலால்தான் பொறுக்குகிறாளாம்,
தோலின் வழவழப்பைத் தடவித் தடவி.

குமுளி பஸ் ஸ்டாண்டில்
கவிழ்த்துப் போட்ட குடைக்குள் கண்ணாடி விற்பவர் பீரான்.
"வாயிச்சு நோக்கு" என்று மலையாளப் பேப்பரை நீட்டினார்.
எனக்குப் பேசத்தான் வரும்.
அந்த எழுத்தெல்லாம் எனக்கு முளைகட்டின பயறு,
மங்கினாலும் தெளிந்தாலும் ஒன்றுதான்.
"வெள்ளெழுத்தாணு" என்றார்.
எங்க பக்கமும் அதே பேருதான் என்றேன்.
செக்போஸ்ட்டில் மூட்டை மூட்டையாகப் பிரித்துப் பார்க்கிறார்கள்,
இந்தச் சொல்லைப் பிரித்ததில்லைபோல.

முந்தானை முடிச்சில் ஒரு காய் இருந்தது.
(எப்படி வந்தது என்று கேட்கவேண்டாம்.)
ஒன்று போட்டுப் பார்த்தேன், காய் புகைக்குள் இருந்தது.
இரண்டு போட்டேன், தலை சுற்றியது.
ஒன்றரை.
முதுகில் மூன்று வரம்பு,
வரம்புக்கு நடுவே முடிபோல் நரம்பு,
காம்புக்குக் கீழே பழுப்பாய் ஒரு தழும்பு,
பிள்ளை கன்னத்தில் நகம் பட்டதுபோல.
"இது சொறிக்காய்!" என்று கத்திவிட்டேன்.
பஸ்ஸுக்கு நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.
பீரான் நூற்றிருபது சொன்னார், தொண்ணூறுக்கு முடிந்தது.

சனிக்கிழமை கூலிச் சீட்டு.
தொகை எப்போதும் தெரியும், பெரிதாக எழுதியிருப்பார்கள்.
அடியில் ஒரு கோடு உண்டு.
இத்தனை நாளும் அதை அலங்காரம் என்று நினைத்திருந்தேன்,
கல்யாணப் பத்திரிகையில் வருமே, அதுமாதிரி.
கோடில்லை, எழுத்து.
கழிவு. வண்டி. சாக்கு.
டீ, முப்பது ரூபாய்.
நான் டீ குடிப்பதில்லை.
கொத்தமல்லித் தண்ணீர் கொண்டுபோகிறேன், வீட்டிலிருந்து, என் பாட்டிலில்.

கண்ணாடியைக் கழற்றிப் பவுன்தாயிடம் கொடுத்தேன்.
அவள் தன் சீட்டை விரித்தாள்.
அப்புறம் ஒச்சம்மா. அப்புறம் ஈஸ்வரி.
லோயர் கேம்ப் இறக்கத்தில் வளைவுக்கு வளைவு சாய்ந்துகொண்டே
பின்சீட்டுக்குப் போனது,
ஒரு கண்ணாடி, ஏழு மூக்கு.
என்னக்கா, சத்தத்தையே காணோம் என்றான் டிரைவர்.
படிக்கிறோம்டா, ரோட்டப் பாரு
என்றாள் ஒச்சம்மா.

திரும்பி வந்தபோது ஒரு பக்கக் கம்பி வளைந்திருந்தது.
பரவாயில்லை, நிற்கிறது.
திங்கட்கிழமை தங்கச்சனிடம் போகவேண்டும், ஏழு பேரும்.
அதற்குள் நூல் கோர்க்கணும்.
ரவிக்கைக் கொக்கி போன மாசமே விட்டுப்போச்சு,
பின்னூசி குத்திக்கொண்டு திரிகிறேன்.