கூரை எண்ணிய கதை

செயற்கைக்கோள் படத்தில்
ஏரிக்கரை நெடுக மினுமினுப்பு.
தகரக் கூரை என்றது என் நிரல்.
நூற்றுப் பன்னிரண்டு கூரை;
வறுமைக் கோட்டைத் தாண்டிவிட்டது ஊர்.
வரவேண்டிய சோள மூட்டைகள் வரவில்லை.

மங்கோச்சியில் பேருந்தை விட்டிறங்கி
மணலில் நடந்து போய்ப் பார்த்தேன்.
மூங்கில் தட்டிகளில் உசிப்பா மீன்,
விரல் நீளம், வெள்ளி வெள்ளியாய்க்
காய்ந்துகொண்டிருந்தது.
வீடுகளோ புல் வேய்ந்தவை,
படத்தில் மண்ணோடு மண்ணாய்.

அசியாத்து காக்கையை விரட்டியபடி கேட்டாள்:
"அவ்வளவு உயரத்திலிருந்து பார்த்தாயே,
நாற்றம் எட்டவில்லையா?"

ஸோம்பா திரும்பி நிரலைத் திருத்தினேன்.
ஒரே சொடுக்கில்
அத்தனை பேரும் மறுபடி ஏழைகள்.
பிழைவீதம் குறைந்ததென்று
மீன்வாடை போகாத என் கையைப்
பேராசிரியர் குலுக்கினார்.

சோளம் போய்ச் சேர்ந்ததா?
அவருக்கும் தெரியாது.
எனக்கும்.