இடது கையுறை

கரகண்டியில் பனி விழும்போதே பாதி கறுத்திருக்கும்.
நான் வருவது மூன்று நாள் முன்பே
அவர்களுக்குத் தெரியும்; சட்டமே சொல்லிவிடுகிறது.
சுவருக்கெல்லாம் புதுச் சுண்ணாம்பு.
எனக்குக் குதிரை இறைச்சி, தேநீர்.
தேநீரை மட்டும் குடித்தேன்.

அறுநூறு மீட்டர் கீழே
நான்காம் பாதையின் மீத்தேன் மானி
0.4 என்று சாதுவாகக் காட்டியது.
கூரையோடு ஒட்டி, கை எட்டாத உயரம்.
ஏணி கேட்டேன்.
ஏணி வர நாற்பது நிமிடம்.

ஏறிப் பார்த்தால்
மானியின் வாயை மூடி ஒரு குழந்தைக் கையுறை.
சிவப்புக் கம்பளி. சொட்டச் சொட்ட ஈரம்.
கழற்றினேன்.
0.9.
1.3.
1.8.
அப்புறம்தான் சங்கு அலறியது,
பெல்ட் நின்றது.
தலைவிளக்குகள் எல்லாம் தரையைப் பார்த்தன.

அபராதம் எவ்வளவு என்றார் மேலாளர்.
சொன்னேன்.
பாவம், சிரிப்பை அடக்கத்தான் பார்த்தார்.

படிவத்தில் எழுதினேன்:
கையுறை, ஒன்று. இடது கை.
கட்டைவிரலில் வேறு நூலால் தையல்.
பையிலிட்டு ஈய முத்திரை வைத்தேன்.

கூண்டுக்குக் காத்திருக்கையில்
எர்மெக் என்பவன் பக்கத்தில் வந்து நின்றான்.
"சங்கு அடித்தால் டன் குறையும்,
டன் குறைந்தால்..."
விட்டுவிட்டான். எனக்குத் தெரியாததா.
கூண்டுக் கதவு திறந்த பிறகு, மெல்ல:
"அதைத் திருப்பித் தருவீர்களா?
வலது கை வீட்டில் இருக்கிறது.
மேலே மைனஸ் முப்பது."

முத்திரையின் எண்ணை
இன்னொரு முறை சரிபார்த்தேன்.
சரியாகத்தான் இருந்தது.