ஆறரை ஜிபி உறக்கம்

லேப்டாப்பில் சிவப்புப் பட்டை.
மிச்சம் நாற்பது எம்பி.
வெள்ளிக்கிழமைச் சம்பளப் பட்டியலைச் சேமிக்க
இடமில்லையாம்.
மணி ஒன்பது பத்து.
சாட்ஸ்வர்த் மூன்றாம் யூனிட்டில்
பத்துக்குக் கரண்ட் போகும்.
அந்த ஒன்றில் மட்டும் இங்கே யாரும் நேரம் தவறுவதில்லை.

என்னுடையது என்று இதில் என்னதான் இருக்கிறது?
தீனா நாய்க்கர் பட்டறைக் கணக்கு,
நசுங்கிய பம்பர்களின் படங்கள்,
கொழுந்தன் கல்யாண வீடியோ.
'சிஸ்டம்' என்ற பெயரில் மட்டும்
எழுபத்தொரு ஜிபி உட்கார்ந்திருக்கிறது,
வாடகை தராதவன் மாதிரி
கதவைச் சாத்திக்கொண்டு.

தட்டினேன்.
'நிர்வாகியின் அனுமதி தேவை' என்றது.
இந்த வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள்?
நானே கேட்டேன், நானே கொடுத்தேன்.

தற்காலிகக் கோப்புகள்:
நான்கு வருடத் தற்காலிகம். போ.

பழைய விண்டோஸ்:
புதியது பிடிக்காவிட்டால் பத்து நாளுக்குள்
பழையதற்கே திரும்பிவிடலாமாம்.
எனக்கு யாரும் இப்படி ஒரு தவணை சொல்லவில்லை.
இன்னும் மூன்று நாள் பாக்கி இருந்தது.
அதையும் அழித்தேன்.

மீட்புப் புள்ளி: பிப்ரவரி பதினேழு.
என்ன நாள் என்று யோசித்து யோசித்துப் பார்த்தேன்.
பிரின்டர் வாங்கிய நாள்.
நான் போய் நிற்க விரும்பும் நாள் எதையும்
இது குறித்து வைக்கவில்லை.

டிஸ்க்கைச் சுருக்கி இடம் மிச்சப்படுத்தலாமா என்று கேட்டது.
வேண்டாம்.
முதலியார் என்று கப்பலேறியவரை
மூட்லி என்று இறக்கிவிட்டார்கள்;
எங்கள் வீட்டில் சுருக்க இனி ஒன்றுமில்லை.

கடைசியில் கண்ணில் பட்டது
மறைத்து வைத்திருந்த ஒற்றைக் கோப்பு. ஆறரை ஜிபி.
பேட்டரி சாகிற நேரத்தில்
மனதில் உள்ளதையெல்லாம் அதில் கொட்டிவிட்டுத்தான்
இயந்திரம் தூங்கப் போகுமாம்.
தூங்குவதற்கா இவ்வளவு இடம்?
நான் சோபாவில் தூங்குகிறேன்.
கறுப்புச் சன்னலில் ஒரே வரி அடித்தேன்.
சிவப்பு நீலமானது.
கெட்டிக்காரிதான் நான்.

பத்து மணி.
எதிர்க் குன்று முழுக்க ஒரே மூச்சில் அணைந்தது.
பக்கத்து வீட்டு ஜெனரேட்டர் இருமத் தொடங்கியது.
என் பேட்டரிக்குப் பதினொரு நிமிட ஆயுள்.
செலே, பெருமாள், ம்கிஸே, ஷான்...
பதினான்கு பேர், மணிக்கணக்கு, பிடித்தம்.
எழுதி முடித்துச் சேமிக்கலாம் என்று இருந்தேன்.
இடம்தான் இப்போது தாராளமாய் இருக்கிறதே.

பன்னிரண்டரைக்கு ஃபிரிட்ஜ் முனகியது.
லேப்டாப்பைத் திறந்தேன்.
பிறந்த குழந்தை மாதிரி விழித்தது,
யார் பெயரும் தெரியாமல்.

திட்டிக்கொண்டே திரும்ப அடித்தேன்.
இரண்டாம் தடவையில்தான் பார்த்தேன்:
ம்கிஸேக்கு நான்கு மணி நேர ஓவர்டைம்
முதலில் விட்டுப்போயிருந்தது.
அவன் கேட்டிருக்க மாட்டான்.
நான் நிம்மதியாய்த் தூங்கியிருப்பேன்.

அந்த உறக்கக் கோப்பைத் திரும்ப வைத்தேன்.
ஆறரை போனது; பட்டை மறுபடி சிவந்தது.
அப்புறம் கல்யாண வீடியோவைத் திறந்து
ஓட்டி ஓட்டிப் பார்த்தேன்.
மூன்று மணி நேரத்தில் ஒரே ஒரு இடத்தில் நான்,
பிரியாணி தேக்சாவுக்குப் பின்னால்,
ஆவியில் பாதி முகம்.

ஒன்பது ஜிபி.
அதற்கு யார் அனுமதியும் தேவைப்படவில்லை.