புரளும் நேரம்

படிவத்தில் அச்சடித்திருப்பது: லேசான அடி.
நாளைக்கு ஒன்று, நான்கு நாள்.
பிறந்த இருபத்தெட்டாம் நாள் தொடக்கம்.

அலுமினியத் தாளை இழுத்துக் கட்டி
(பிரியாணி மடிக்கிற அதே தாள்தான்,
ஒரத்தநாடு கடைத்தெருவில் நானே வாங்கி வருகிறேன்)
மயங்கிய எலிக்குஞ்சை அதன்மேல் குப்புறக் கிடத்துவோம்.
குழாய் வழியே எடை இறங்கும்.
தாள் கிழியும்.
குட்டிக்கரணம் அடித்துக் கீழே மெத்தையில் விழும் குஞ்சு.
ரத்தமில்லை, முறிவில்லை.
மல்லாக்கப் போட்டுக் கடிகாரத்தை அமுக்குவேன்.
தானாகப் புரண்டு நாலு காலில் நிற்கும்வரை
எண்ணுவது என் வேலை.

அப்புறம் ஊசி.
இரண்டு புட்டி, மூடியில் சிவப்புப் பொட்டு, நீலப் பொட்டு.
ஒன்றில் வெறும் உப்புநீர்.
மற்றதில், இருட்டினால் தலைக்குள் தானே சுரக்கிற ஒன்று.
மெலடோனின் என்றார் டாக்டர் சுடரொளி.
ராத்திரியைப் புட்டியில் அடைத்திருக்கிறார்கள் என்று
நான் எடுத்துக்கொண்டேன்.
எது எதுவென்று எனக்குச் சொல்லக் கூடாது.
முகர்ந்துகூடப் பார்த்துவிட்டேன்.
இரண்டும் ஒரே தெளிவு.

வாய்க்காலுக்கு அந்தப் பக்கம்
குறுவைப் பயிரில் கிட்டி வைக்கிறான் கொழுந்தன் தவசுமணி.
மூங்கில் வில், சுருக்கு, நடுவில் ஒரு பிடி பொரி.
எலிக்கு இவ்வளவு என்று கூலி.
"நீங்க வைத்தியம் பாருங்க அண்ணி,
நான் கணக்க முடிச்சு வைக்கிறேன்" என்பான்.
சிரிப்பேன்.
பதினான்காம் எண்ணைப் பற்றி அவனிடம் சொன்னதில்லை.

முதல் நாள் பத்தொன்பது விநாடி.
மறுநாள் முப்பத்தொன்று.
மூன்றாம் நாள் எழுபத்து நாலு,
எழுந்தது, மூலையைப் பார்த்து நின்றது,
எதற்கு எழுந்தோம் என்பதுபோல.
பிறகு தீனி தின்றது, மீசை துடைத்தது.
பார்க்கிறவர்களுக்கு ஒன்றுமே ஆகவில்லை.
நானும் அப்படித்தான் எழுதினேன்:
இயல்பு.

ஆடிக் கடைசியில் பொட்டுகளின் ரகசியத்தைப் பிரித்தார்கள்.
பதினான்கு, நீலம். உப்புநீர்.
சிவப்புக்காரர்கள் சராசரியாகப்
பதினோரு விநாடி முன்னால் புரண்டிருக்கிறார்கள்.
"சின்ன வித்தியாசம், இன்னும் பார்க்கணும்" என்றார் டாக்டர்.
சிவப்போ நீலமோ
மூளைகள் எல்லாம் ஒரே ஃபார்மலினில்.
மூடிகளை நான்தான் திருகினேன்.

அந்த வாரம்தான் முகிலரசு
தலையைத் தடவிக்கொண்டு டியூஷனிலிருந்து வந்தான்.
வாய்பாடு தப்பினால் குட்டு.
திங்களிலிருந்து தினமும் ஒன்று.
"லேசாத்தாம்மா."

குட்டுப்பட்டாலும் மோதிரக் கையால் படணும் என்றார்
வீட்டுக்காரர், செய்தியிலிருந்து கண்ணை எடுக்காமல்.
சார் மோதிரம் போட்டிருக்கிறாராம்.

குட்டும் எடையும் ஒன்றல்ல. தெரியும்.
நாலு குட்டில் யாருக்கும் ஒன்றும் ஆனதில்லை என்பார்கள்.
ஆனால் யார் எண்ணினார்கள்?

வெள்ளிக்கிழமை டியூஷன் வாசலில்
செருப்பைக் கழற்றாமல் நின்றேன்.
பிள்ளையார் படத்துக்கு முன்னால் கைகளை மாற்றிவைத்து
தன் நெற்றிப்பொட்டில் குட்டிக்கொண்டிருந்தார் சார்,
பூப்போல, மூன்று தரம்.
தன் தலைக்கு எவ்வளவு தாங்கும் என்று
அந்தக் கைக்குத் தெரிந்திருந்தது.

வழியெல்லாம் அடுக்கி வந்த பேச்சு மறந்துபோய்
"சார், நாங்களே நாலோட நிறுத்திக்குவோம்" என்றேன்.
அவருக்குப் புரிந்திருக்காது.
நாற்காலி எடுத்துப் போடச் சொன்னார்.

அன்றிரவு எட்டரைக்கே விளக்கை அணைத்துவிட்டேன்.
போனைப் பிடுங்கியதற்குத் திட்டிக்கொண்டே தூங்கிப்போனான்.
இருக்கட்டும். இருட்டு கொஞ்சம் சுரக்கட்டும்.
வயலில் ஒரு கிட்டி தெறித்து விழுந்தது.
சற்றுத் தள்ளி இன்னொன்று.

மல்லாந்து கிடந்தவன் இன்னும் புரளவில்லை.
கடிகாரம் கையில் இல்லை,
இருந்தும்
முப்பத்தொன்றைத் தாண்டியிருந்தேன்.